அசதிக்கும் மனச்சோர்வுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு பார்மசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். "அக்கா, எப்பப் பாத்தாலும் அசதியா இருக்கு, மனசும் சரியில்ல, நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். சிலர் கையில் ஏற்கனவே நாலைந்து டப்பா இருக்கும். அவர்கள் கேட்கும் கேள்விகளையும், கவுண்டரில் நின்றபடி அவசரமாகச் சொல்ல முடியாத பதில்களையும் இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். உங்கள் மருத்துவர் சொன்னதற்கு மாறாக இதில் ஏதாவது பட்டால், அவர் சொல்வதையே கேளுங்கள். உங்களை நேரில் பார்த்தவர் அவர்தான்.

ஆன்டிஆக்ஸிடன்டுக்கும் மனநிலைக்கும் என்ன சம்பந்தம்?

நாம் சாப்பிடுவதை உடம்பின் செல்கள் ஆக்சிஜனைக் கொண்டு எரித்துச் சக்தியாக்குகின்றன. அப்போது நிலையில்லாத சில மூலக்கூறுகள் மிச்சமாக உண்டாகும். அவை பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், மரபணு எல்லாவற்றையும் தாக்கக்கூடியவை. அவற்றை அடக்கும் பொருள்கள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட். முதுமைக்கே இந்தச் சேதம்தான் காரணம் என்று டென்ஹம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1956இல் எழுதினார். ஆன்டிஆக்ஸிடன்ட் வியாபாரம் முழுக்க அந்தக் கருத்திலிருந்து கிளம்பியதுதான்.

மூளை நம் உடல் எடையில் 2 விழுக்காடுதான் இருக்கும். ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. கொழுப்பும் அதில் அதிகம். ஆகவே இந்தச் சேதம் மூளையையும் பாதிக்கும் என்று நினைப்பதில் நியாயம் உண்டு. மனச்சோர்வு உள்ளவர்களின் ரத்தத்தில் இதற்கான அடையாளங்கள் கூடுதலாக இருப்பதையும் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன.

ஆனால் எது முதலில் வந்தது என்பதுதான் சிக்கல். மனம் சோர்ந்தவர் சரியாகத் தூங்க மாட்டார், சரியாகச் சாப்பிட மாட்டார், சிகரெட் கூடும், நடை குறையும். இவை எல்லாமே அந்த அடையாளங்களை ஏற்றிவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மூலக்கூறுகள் உடம்புக்கு வெறும் எதிரிகள் கிடையாது. வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்வதே இவற்றை வைத்துத்தான். எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டால் நல்லது என்ற கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

சரி, வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை. இதை நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. மாதக்கணக்கில் விலை உயர்ந்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், கடைசியில் பார்த்தால் ரத்தசோகையாக இருக்கும்.

பெண்கள் என்றால் முதலில் இரும்புச்சத்து. ஹீமோகுளோபினோடு, உடம்பில் எவ்வளவு இரும்பு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு காலியாகிக் கிடப்பது உண்டு. அதே சமயம் டாக்டரைக் கேட்காமல் நீங்களாகவே இரும்பு மாத்திரை தொடங்காதீர்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபு உள்ளவர்கள் நம் நாட்டில் நிறைய. அவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகவே காட்டும், ஆனால் இரும்புச்சத்து குறைந்திருக்க வேண்டும் என்பதில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பி12 பார்க்க வேண்டும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் அப்படித்தான், அந்த மருந்து நாளடைவில் பி12ஐக் குறைக்கும். பி12 குறைந்தால் அசதி, மறதி, எரிச்சல், கை கால் மரத்துப்போவது எல்லாம் வரும். தைராய்டு மந்தமாக இருந்தால் உடம்பு கனக்கும், மனமும் மங்கும். சர்க்கரை அளவு தெரியாமலே ஏறியிருப்பதும் உண்டு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம்.

அப்புறம் குறட்டை. தூக்கத்தில் மூச்சு அடைபட்டு அடைபட்டு எழுகிறவருக்குக் காலையில் தலை வலிக்கும், பகலெல்லாம் கண் சொருகும். எந்த மாத்திரையும் அதைச் சரி செய்யாது. பக்கத்தில் படுப்பவரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

செலவு பயந்து தள்ளிப் போட வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). 40 வயது தாண்டியவர், அரசின் ரஹ்மா உதவித்தொகை பெறுபவர் என்றால் பேக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனையே உண்டு. அதில் மனநலக் கேள்விகளும் சேர்ந்திருக்கின்றன.

எனக்கு இருப்பது அசதியா, மனச்சோர்வு நோயா? எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் மனம் கனத்தே இருக்கிறது, முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்கவில்லை என்றால் அதை அசதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிஎச்க்யூ-9 என்று ஒரு படிவம் இருக்கிறது. 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். மருத்துவர்களே பயன்படுத்துவதுதான், நிரப்ப ஐந்து நிமிடம் கூட ஆகாது. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பாருங்கள்.

அதன் 9ஆவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு உங்கள் பதில் 'ஆம்' என்றால், எத்தனை மதிப்பெண் வந்திருந்தாலும் சரி, மாத்திரைப் பேச்சை விட்டுவிட்டு இன்றைக்கே ஒருவரிடம் பேசுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை எண் 15555. உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 999, அல்லது நேரே மருத்துவமனை அவசரப் பிரிவு. யாரும் உங்களைக் குறைவாக நினைக்கமாட்டார்கள்.

ஏற்கனவே மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறவர்கள், சப்ளிமென்ட் ஆரம்பித்துவிட்டோம் என்று அதை நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வரும். நோயும் திரும்பலாம்.

கடையில் இத்தனை டப்பா இருக்கிறதே, எதற்காவது ஆதாரம் இருக்கிறதா?

மனநிலை என்று பார்த்தால் கொஞ்சமாவது தீவிரமாக ஆராயப்பட்டது என்ஏசி, அதாவது என்-அசிட்டைல் சிஸ்டீன். சளியை இளக்கும் மருந்தாக நம் ஊர் பார்மசிகளில் ரொம்ப நாளாக இருக்கிறது. பாரசிட்டமால் அளவுக்கு மீறி விழுங்கியவர்களைக் காப்பாற்ற மருத்துவமனையில் கொடுப்பதும் இதைத்தான். உடம்பு தானே தயாரிக்கும் குளூட்டாதயோன் என்ற முக்கிய ஆன்டிஆக்ஸிடன்டுக்கு இது மூலப்பொருள். 2008இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் இருதுருவ மனநோய் உள்ள 75 பேரில் ஒரு பகுதியினருக்கு தினமும் 2 கிராம் என்ஏசியும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் 24 வாரம் கொடுத்தார்கள். எல்லாரும் வழக்கமான மருந்தையும் தொடர்ந்தார்கள். என்ஏசி எடுத்தவர்களின் மனச்சோர்வு குறைந்தது, நிறுத்தியதும் அந்தப் பலன் பெரும்பாலும் போய்விட்டது. பின்னால் வந்த ஆய்வுகளில் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. வேலை செய்தாலும் மாதக்கணக்கில் மெதுவாகத்தான் செய்யும். மருந்தோடு கூடவே எடுத்தால்தான், மருந்துக்குப் பதிலாக அல்ல. அழுகிய முட்டை வாசம் அடிக்கும், வயிற்றைக் கொஞ்சம் புரட்டும். மாத்திரை கெட்டுப்போய்விட்டது என்று பலர் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். அதன் குணமே அதுதான்.

மஞ்சளில் இருக்கும் குர்க்குமினுக்குச் சில சிறிய ஆய்வுகளில் நல்ல பலன் வந்திருக்கிறது. ஆனால் அது உடம்பில் சேர்வது ரொம்பக் குறைவு. மிளகின் காரப்பொருளான பைப்பரினோடு கொடுத்தால் பல மடங்கு கூடுதலாகச் சேர்கிறது என்று 1998இல் பெங்களூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால்தான் இப்போது பல டப்பாக்களில் மிளகுச் சாறும் சேர்ந்தே வருகிறது. அதிலேயே ஆபத்தும் உண்டு. இப்படி வீரியம் கூட்டிய குர்க்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ கண் மஞ்சளித்தாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம். மஞ்சள்தூளில் குர்க்குமின் 3 விழுக்காடு அளவில்தான் இருக்கும்.

கோ க்யூ 10 செல்களின் சக்தி உற்பத்தியில் நேரடியாகப் பங்கு கொள்வது. கொலஸ்ட்ரால் மருந்தான ஸ்டாட்டின் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் இதன் அளவு குறையும். ஸ்டாட்டினால் வரும் தசைவலிக்கு இது உதவுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. எடுத்துப் பார்ப்பதானால் சாப்பாட்டோடு எடுங்கள், கொழுப்பில் கரைவது அது. விலைதான் கையைக் கடிக்கும்.

குளூட்டாதயோன் மாத்திரையாக விழுங்கினால் பெரும்பகுதி வயிற்றிலேயே சிதைந்துவிடும். வெள்ளையாவதற்காக அதை ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்கள். சருமத்தை வெளுப்பாக்குவதற்கென்று அப்படி ஓர் ஊசி மலேசியாவில் பதிவு செய்யப்படவில்லை. பியூட்டி சலூனில் போட்டுக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து.

விட்டமின் சி, அதன் குறைபாடு உள்ளவருக்குத் தெம்பு தரும். குறைபாடு இல்லாதவருக்கு 1000 மில்லிகிராம் மாத்திரை பெரிதாக எதையும் மாற்றப் போவதில்லை. ஒரு நாள் தேவையே 100 மில்லிகிராமுக்குள்தான்.

விட்டமின்தானே, கொஞ்சம் கூடப் போனால் என்ன கெட்டுவிடும்?

இந்தக் கேள்விக்குப் பதில் உயிர்கள் போய்த்தான் கிடைத்தது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்தார்கள், தினமும் 20 மில்லிகிராம். 1994இல் முடிவு வந்தபோது அதை எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் அதே மாதிரி நடந்த இன்னொரு பெரிய ஆய்வைப் பாதியிலேயே, 1996இல், நிறுத்த வேண்டியதாயிற்று.

அடுத்தது விட்டமின் ஈ. 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வில் தினமும் 400 யூனிட் எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியது என்று 2011இல் தெரியவந்தது. அந்த 400 யூனிட் மாத்திரை இன்றைக்கும் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.

சிகரெட் பிடிப்பவர்களும் பிடித்து விட்டவர்களும் பீட்டா கரோட்டின் மாத்திரை பக்கமே போக வேண்டாம். கேரட் சாப்பிடுங்கள், தாராளமாக. விட்டமின் சி ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் தாண்டக் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதற்கு வெகு கீழேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். செலினியம் என்ற தாதுச்சத்துக்கு எல்லை 400 மைக்ரோகிராம். மூன்று விதமான டப்பா எடுக்கிறவருக்கு ஒரே சத்து மூன்றிலும் இருக்கும், கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

நீரிழிவு, ரத்த அழுத்தம், இதய நோய்க்கு மருந்து எடுக்கிறேன். எதில் கவனம் வேண்டும்?

ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்குத் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரலாம். ஆரம்பிப்பதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, அடிக்கடி சர்க்கரை பார்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் ஒன்றையும் சொந்தமாகத் தொடங்கக் கூடாது. விட்டமின் ஈயும் குர்க்குமினும் ரத்தக்கசிவைக் கூட்டலாம். கோ க்யூ 10 நேர்மாறாக மருந்தின் வேலையையே குறைக்கலாம். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பவர்கள் என்ஏசி எடுத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைவலி மண்டையைப் பிளக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் என்ஏசிக்கு முன் டாக்டரைக் கேட்பது நல்லது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் சிகிச்சை தரும் டாக்டர் சம்மதிக்காமல் எந்த ஆன்டிஆக்ஸிடன்டும் எடுக்கக் கூடாது.

மனநிலைக்கு என்று விற்கும் சில கலவைகளில் 5-எச்டிபி என்ற பொருளும் இருக்கும். மனச்சோர்வு மருந்தோடு அது சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று ஆபத்தில் முடியலாம். முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும், டப்பாவைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

எனக்கு ஜி6பிடி குறைபாடு இருக்கிறது. நான் எடுக்கலாமா?

சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பதுதான் இது. மலேசிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு இதைப் பரிசோதித்துவிடுவதால், பலருக்குத் தங்களுக்கு இருப்பது தெரியும். தெரியாவிட்டால் அம்மாவைக் கேளுங்கள். இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு மிக அதிக அளவு விட்டமின் சி, அதிலும் ஊசி வழியாக ஏற்றினால், சிவப்பணுக்கள் உடைந்துபோகக்கூடும். சருமம் பளபளக்க விட்டமின் சி டிரிப் ஏற்றுகிறார்களே, அது உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, பரிசோதனை எல்லாம் நார்மல். முயற்சி செய்யத்தான் போகிறேன். எப்படிச் செய்வது?

ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்று. இதை மீறினால் மற்ற எல்லாம் வீண். நான்கு மாத்திரையைச் சேர்த்து ஆரம்பித்தால் நல்லது நடந்தாலும் எதனால் நடந்தது என்று தெரியாது, கெட்டது நடந்தாலும் தெரியாது.

மாத்திரை தொடங்குவதற்கு முன்பே இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரே நேரத்தில். மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஒரு எண், தெம்புக்கு ஒரு எண், முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எத்தனை கிளாஸ் காபி, தே தாரே. பெண்கள் மாதவிடாய் நாள்களையும் குறித்துக்கொள்ள வேண்டும், அந்த வாரத்தின் சோர்வை மாத்திரை மேல் போட்டுவிடக் கூடாது பாருங்கள். அன்றைக்கு விசேஷமாக ஏதாவது நடந்திருந்தால் ஒரு வரி. ஒரு பக்கம் இப்படி இருக்கும்: 'செவ்வாய். மனம் 4, தெம்பு 3, தூக்கம் 5 மணி, காபி 3. நைட் ஷிப்ட் முடிந்து வந்தேன், மகனோடு சண்டை.' அவ்வளவுதான். பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு இன்றைய எண்ணைப் போடாதீர்கள்.

இரண்டு வாரம் கழித்துக் குறைந்த அளவில் ஆரம்பியுங்கள். மனநிலைக்கு என்றால் 8 வாரமாவது வேண்டும். அதற்குள் நடைப்பயிற்சி, விரதம், டயட் என்று வேறு எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். தீபாவளி வேலைகளுக்கு நடுவிலோ தைப்பூச விரதத்திலோ தொடங்க வேண்டாம். பத்துமலைக்குக் காவடி எடுக்க விரதம் இருக்கிறவரின் உடம்பும் மனமும் அந்த நாள்களில் வேறு கதியில் ஓடும்.

8 வாரம் முடிந்ததும் நிறுத்துங்கள். இந்தப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நன்றாக இருக்கும்போது ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்பார்கள். நிறுத்திய பிறகு மூன்று நான்கு வாரம் அதே நோட்டில் தொடர்ந்து எழுதி, எண்கள் கீழே இறங்கினால்தான் அந்த நன்மையை மாத்திரை கொடுத்தது என்று சொல்ல முடியும். இறங்காவிட்டால் மிச்சக் காசு உங்களுக்கு.

இன்னும் துல்லியமாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. வீட்டில் ஒருவரிடம் சொல்லி, காலி கேப்சூல் கூடுகளில் சோளமாவு நிரப்பி, மாத்திரையை ஒரு டப்பாவிலும் மாவை இன்னொன்றிலும் போட்டு, அவற்றுக்கு 'அ', 'ஆ' என்று அவர் விருப்பப்படி பெயர் எழுதச் சொல்லுங்கள். எது எது என்று அவருக்கு மட்டும் தெரியட்டும். 8 வாரம் ஒன்று, 8 வாரம் மற்றது என்று நீங்கள் எடுக்கலாம். என்ஏசிக்கு மட்டும் இது சரிப்படாது, வாசமே காட்டிக்கொடுத்துவிடும். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துகளில் இந்த வேலையே கூடாது.

மூன்றாம் நாளே தெம்பு வந்துவிட்டது. இது நிஜமா?

உங்களுக்குத் தெம்பாக இருப்பது நிஜம். காரணம்தான் கேள்வி. ஆன்டிஆக்ஸிடன்ட் எதுவும் மூன்று நாளில் மனதைத் தூக்கி நிறுத்தாது. எதையோ செய்கிறோம் என்ற நம்பிக்கைக்கே பெரிய பலம் உண்டு. மனச்சோர்வு மருந்து ஆய்வுகளில் வெற்று மாத்திரை எடுத்தவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேறுகிறார்கள். ரொம்ப மோசமான ஒரு வாரத்தில்தான் நாம் கடைக்குப் போகிறோம், அடுத்த வாரம் எப்படியும் கொஞ்சம் மேலாகத்தான் இருக்கும் என்பதும் ஒன்று.

லேபிளில் பச்சைத் தேயிலைச் சாறு, குவாரானா என்று இருந்தால், அந்தத் தெம்பு காபியில் இருக்கும் அதே காஃபீனின் வேலை. பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரையாக அதிக அளவில் போனால் கல்லீரலையும் பாதிக்கும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இன்னொன்று. பதிவில்லாத சில பாரம்பரிய மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை ரகசியமாகக் கலந்திருப்பதை நம் அதிகாரிகள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். சாப்பிட்ட இரண்டு மூன்று நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், உற்சாகமாக இருக்கும். மாதங்கள் போனால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். அற்புதமாக வேலை செய்கிறது என்று யாராவது சொல்லும் பொடியோ உருண்டையோ எங்கே வாங்கியது என்று கேளுங்கள். வெகுநாள் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல், பாக்கெட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.

டப்பாவில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

மலேசியாவில் பதிவான சப்ளிமென்டில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண் இருக்கும். அதன் பின் 8 இலக்கங்கள், கடைசியில் ஓர் எழுத்து. 'என்' என்றால் ஹெல்த் சப்ளிமென்ட், 'டி' (T) என்றால் பாரம்பரிய மருந்து. கூடவே மின்னும் ஹாலோகிராம் ஸ்டிக்கர். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் தட்டினால் பெயரும் தயாரிப்பாளரும் வரும். டப்பாவில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், போலி எண் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பதிவு எண் என்பது பாதுகாப்பு, தரம் பார்க்கப்பட்டது என்பதற்கு. உங்கள் மனச்சோர்வைத் தீர்க்கும் என்பதற்கு அது சாட்சி கிடையாது. தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பாக்கெட்டுகள் பல உணவு என்ற பெயரில் விற்கப்படுகின்றன, அவற்றில் இந்த எண்ணே இருக்காது. நோய் தீரும் என்று உணவுப் பாக்கெட்டில் எழுதியிருந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நெருங்கிய சொந்தக்காரர் நேரடி விற்பனையில் இருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

நம் வீடுகளில் இது நிறைய நடக்கிறது. அத்தையோ அண்ணியோ நல்ல மனதோடுதான் கொண்டுவருகிறார்கள், தாங்களும் அதையே சாப்பிடுகிறார்கள். சண்டை போட வேண்டாம். "பார்மசியில காட்டிட்டுச் சொல்றேன் அத்தை, நான் வேற மருந்து எடுக்கறேன்ல" என்று டப்பாவைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பார்மசியிலும் காட்டலாம், வாங்கிய இடம் வேறு என்று யாரும் முகம் சுளிக்க மாட்டோம். பழி எங்கள் மேல் விழட்டும், உறவு கெடாமல் இருந்தால் சரி.

ஆனால் டாக்டர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடு என்று சொன்னால், அங்கே தயவு தாட்சண்யம் வேண்டாம்.

கேப்சூல் கூட்டில் மாட்டு ஜெலட்டின் இருக்குமா?

இருக்கலாம். ஹலால் முத்திரை இருந்தால் பன்றி ஜெலட்டின் இல்லை என்று அர்த்தம், மாட்டு ஜெலட்டின் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கூடு எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை லேபிளில் தேடுங்கள். தாவரக் கூடு என்று இருந்தால் பிரச்சினை இல்லை. மெத்தென்ற எண்ணெய் உருண்டைகள் பெரும்பாலும் ஜெலட்டின்தான். தண்ணீரில் கரையும் மாத்திரைகளுக்குக் கூடே கிடையாது. விரத காலத்தில் மட்டுமாவது தவிர்க்க நினைப்பவர்கள் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஜிம்முக்குப் போகிறேன். விட்டமின் சியும் ஈயும் சேர்த்து எடுக்கிறேன், சரியா?

2009இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்தார்கள். 4 வாரம் உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் ஒரு பாதிக்குத் தினமும் விட்டமின் சி 1000 மில்லிகிராமும் ஈ 400 யூனிட்டும் கொடுத்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது. எடுத்தவர்களுக்கு அந்த நன்மை வரவில்லை. பயிற்சியின்போது உண்டாகும் அந்த மூலக்கூறுகள்தான் உடம்பைப் பலப்படச் சொல்கின்றன, மாத்திரை அதை அமுக்கிவிடுகிறது. மனதுக்கும் தெம்புக்கும் பயிற்சி தருவதை இந்த இரண்டு டப்பாவும் தராது. ஆகவே பயிற்சியை வைத்துக்கொண்டு டப்பாவை விடுங்கள்.

சாப்பாட்டிலேயே இதெல்லாம் கிடைக்காதா?

கிடைக்கும். சௌக்கிட் சந்தையிலோ உங்கள் பேட்டையின் பாசார் மாலாமிலோ ஒரு கொய்யா வாங்கினால் 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் விட்டமின் சி. முருங்கைக்கீரை பல வீட்டு வாசலில் சும்மாவே கிடைக்கிறது. மலாய்க்காரர்கள் உலாமாகப் பச்சையாகத் தின்னும் பெகாகா நம் வல்லாரைதான். தேங்காய்த் துருவலும் சின்ன வெங்காயமும் போட்டுத் துவையல் அரைத்தால் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள்.

மனச்சோர்வுக்கு உணவை மாற்றிப் பார்த்த ஆய்வும் உண்டு. 2017இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில் 67 பேர். காய்கறி, பருப்பு, மீன், முழுத்தானியம், ஆலிவ் எண்ணெய் என்று 12 வாரம் சாப்பிடப் பழக்கப்பட்டவர்களில் 32 விழுக்காட்டினர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், ஆனாலும் இத்தனை வருடத்தில் எந்த ஒற்றை ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைக்கும் இப்படி ஒரு முடிவை நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். ரொட்டி சானாயோடு தே தாரே ருசிதான், ஆனால் தேயிலை சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். அசதிக்கு இதுவே சிலருக்குப் பாதி மருந்து.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும் முன் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

முடி, நகத்துக்கு என்று பயோட்டின் சேர்த்த கலவை என்றால் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே நிறுத்துங்கள், எடுத்துக்கொண்டிருந்ததை டாக்டரிடமும் சொல்லுங்கள். தைராய்டு முடிவையும், மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோப்போனின் முடிவையும் பயோட்டின் தப்பாகக் காட்டும். அதிக அளவு விட்டமின் சி வீட்டுச் சர்க்கரை மீட்டர்கள் சிலவற்றில் எண்ணை ஏற்றிக் காட்டும்.

8 வாரம் முடிந்தது. எந்த மாற்றமும் இல்லை. அடுத்து எது வாங்கலாம்?

அடுத்த டப்பாவுக்குப் போகாதீர்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். பத்து வார எண்கள் கையில் இருக்கின்றன, தூக்கம் எப்படி, எந்த நாள்களில் மனம் இறங்குகிறது எல்லாம் அதில் இருக்கிறது. ஐந்து நிமிட சந்திப்பில் வாய்வார்த்தையாகச் சொல்ல முடியாததை அந்தப் பக்கங்கள் அவருக்குச் சொல்லிவிடும். என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் எடுத்தீர்கள் என்பதையும் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.